குழலுக்குப் புளி

வெகுதானிய வருஷம், புரட்டாசி. ஆயுத பூசை.

பண்ணையாரின் வேட்டைத் துப்பாக்கிகளைத் துருப்பிடிக்காமல் காப்பது என் வேலை. காலையில் பூசைக்குப் போனால் ரைபிள் குழல் வெள்ளிச் செம்பு மாதிரி மின்னுகிறது. சமையல்காரர் முத்தையா பித்தளை அண்டாவோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"ஒரே கருப்பா கெடந்துச்சுங்க, அழுக்கெல்லாம் போக்கிட்டேன்" என்றார்.

அந்தக் கருப்புதான் துருவைத் தடுக்கும் பூச்சு என்று கத்தினேன். பண்ணையார் என்னைத்தான் முறைத்தார். "இத்தன வருசத்துல நீங்க ஒரு நாளாச்சும் இப்புடித் தேச்சிருக்கீங்களா?"

முத்தையாவுக்குப் புது வேட்டி கிடைத்தது.

சாயங்காலம் குழலில் வைத்த சந்தனப் பொட்டைச் சுற்றிச் செந்துரு பூத்திருந்தது. பண்ணையார் அதைக் குங்குமம் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாளைக்கு மற்ற இரண்டு துப்பாக்கிகளையும் தேய்க்கப் போகிறார்கள். புளியை நான்தான் ஊறவைக்க வேண்டுமாம்.