ஒரு சொம்புத் தண்ணீர்

இன்று காலை சோயா மாவு மூட்டை ஒன்றைப் பிரித்தேன். பச்சைப் பயறை நசுக்கினாற்போல் அந்த வாடை வந்ததும் உங்கள் ஞாபகம். கஞ்சிக்கோட்டில் மிக்ஸர், காராசேவு போடும் எங்கள் கம்பெனிக்கு இப்போது இது மாசாமாசம் வருகிறது. கொண்டுவந்து இறக்குகிறவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டுச் சோயா விவசாயிகளின் மாவை இங்கே பழக்கிவிடும் ஆளாக நீங்கள் வந்தீர்கள். பக்கத்து ஊர் கொழிஞ்சாம்பாறைக்காரர், நம்ம பேச்சுப் பேசுகிறவர். எனக்கு அதுவே சந்தேகம். மாவு இனாம், செய்முறை இனாம், சொல்லித்தர வருவதும் இனாம். "சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்று உங்கள் காதுபடவே சொன்னேன்.

"எனக்குக் குடுமியே இல்லீங்க்கா" என்று வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினீர்கள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்பையும் நம்பவில்லை.

மாவு பிசையும் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. நான் தலையாட்டாமல் முதலாளி எதையும் வாங்கமாட்டார். "கடல மாவோட இதக் கொஞ்சம் சேத்துனா காராசேவு எண்ணெ குடிக்காதுங்க்கா. ஆனா இது தண்ணிய இழுக்கும். வழக்கத்தவிட ஒரு சொம்பு கூட ஊத்தோணும்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். எனக்கோ வேறு கவலை. கரண்டியில் காராசேவு தேய்க்கிற பெண்கள் பதினோரு பேர் என் கையில் இருந்தார்கள். இன்றைக்கு வெளிநாட்டு மாவு வரும், நாளைக்கு வெளிநாட்டு மெஷின் வரும், இவர்கள் எங்கே போவார்கள்?

உங்கள் வெளிநாட்டு அதிகாரி நேரில் பார்க்க வந்த நாள். "இன்னிக்கு நல்லா வந்தாத்தான் அடுத்த வருசம் எனக்கு வேலைங்க்கா" என்றீர்கள். அதையும் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு சொம்பை வேண்டுமென்றேதான் நான் ஊற்றவில்லை. மாவு கரண்டியில் இறங்க மறுத்தது. இறங்கியது எண்ணெயில் தூள்தூளாய்ப் போனது.

நீங்கள் மாவை ஒரு கிள்ளு எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். முதலாளி பக்கம் திரும்பினீர்கள்.

"நாந்தானுங்க மொதலாளி, தண்ணி அளவத் தப்பாச் சொல்லிப்போட்டேன். அக்கா மேல தப்பில்லீங்க."

அதற்கப்புறம் நீங்கள் வரவேயில்லை. உங்கள் வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அப்போதும் என் புத்தி திருந்தியதா? ஏன் காட்டிக்கொடுக்கவில்லை, இதை வைத்து என்றைக்கு வந்து என்ன கேட்பார் என்று கம்பெனி வாசலில் நின்ற ஒவ்வொரு பைக்கையும் எட்டிப் பார்த்தேன். மெஷின் என்னவோ உங்கள் மாவு இல்லாமலேயே வந்து சேர்ந்தது. பதினோரு பேரில் நான்கு பேர்தான் மிச்சம். மாவும் பின்னால் வேறு ஆட்கள் கையால் வந்தது.

நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்து, துக்கம் விசாரிக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். உங்கள் வீட்டம்மா காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? மாவு விசயத்துல அவரு தப்பே பண்ணமாட்டாருங்க. அன்னிக்கு நெசமாவே தப்பாத்தான் சொன்னாருங்களா? நான் கேட்டா சிரிச்சுப்போட்டுப் போயிருவாரு."

தெரிந்துகொண்டே கேட்கிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பாவம், அதில் கள்ளமே இல்லை.

"ஆமாங்க, தப்பாத்தான் சொன்னாரு" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து உண்மையாக்கிவிட்டு வந்தேன். அந்த 'ஆமாங்க'வை நான் இன்னும் போய்த் திருப்பி வாங்கவில்லை.