அம்மா உனக்கு எழுதிய கடிதம்

இன்று ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி திரையில் புள்ளிகளை ஓடவிட்டுக் காட்டினாள். கோபுரமும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் நடமாடும் ஒரு கருவி; எதிர்ப்படும் கருவியிடம் செய்தியைக் கைமாற்றிவிடுகிறது. "புள்ளி அசைஞ்சாத்தான், சேர், செய்தி தூரம் போகுது" என்றாள் பெருமையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நீ அன்றைக்கே சுன்னாகம் சந்தையில் நின்று சொல்லிவிட்டாயே, சிநேகிதா!

போரில் தொலைபேசி செத்து, தபாலும் தடுமாறிய வருடங்கள் அவை. ஊரார் கடிதங்களை நாம் இருவரும் வாங்கி அனுப்பினோம். நான் வாத்தியார், எனக்கு ஒழுங்கு வேண்டும்: ஊருக்கொரு கடை, கடைக்கொரு பெட்டி, வந்ததைக் கடைக்காரர் உரியவரிடம் சேர்ப்பார். நீயோ பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடமும், சாவகச்சேரிக்கு வெங்காயம் ஏற்றுபவரிடமும் கொடுத்துவிடுவாய். அவர்கள் வழியில் காண்பவரிடம் கொடுப்பார்கள்.

"நிக்கிறவனிட்டைக் குடுத்தா அதுவும் அங்கையே நிக்கும் மச்சான். போறவனிட்டைக் குடு."

கடிதம் மீன் மணக்கும் என்று நக்கலடித்தேன். மணந்தபடியே அவை போய்ச் சேர்ந்தன. சனம் என்னைத் தாண்டி உன் வீட்டுப் படலையைத் தட்டியது. எனக்கு வயிறெரிந்தது.

சாவகச்சேரியில் அக்காவோடு இருந்த அம்மா, ஆஸ்பத்திரியில் படுத்ததும் கடிதம் எழுதினார். எனக்கல்ல, உனக்கு. 'தம்பி, உவனை ஒருக்கா வரச்சொல்லு.' என் அம்மாவுக்கே உன் வழியில்தான் நம்பிக்கை.

எனக்கு இரண்டு நாள் பரீட்சை மேற்பார்வை இருந்தது. 'வெள்ளிக்கிழமை வாறன்' என்று எழுதினேன். "தா, வெங்காய லொறி இப்ப வெளிக்கிடுது" என்று கை நீட்டினாய். நான் தரவில்லை. வீம்புக்கு என் பெட்டியில் போட்டேன். சாவகச்சேரிக் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்துவிட்டது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பதில் வரவில்லை என்று வெங்காயக்காரர் சொல்ல, நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. அக்கா அழுதபடி சொன்னாள்:

"அம்மா உன்ரை பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டவ. அவனும் 'ஓம் அம்மா, வந்திட்டன்' எண்டவன்."

உனக்கு நான் நன்றி சொல்லவேயில்லை. போன மாதம் நீ கண்மூடிய செய்தி வந்தபோது அழுதேன், அப்போதும் உள்ளே எரிந்தது. அம்மாவிடம் 'வந்திட்டன்' என்று சொல்லியிருக்க வேண்டியவன் நானடா.