இரண்டு கையும் வேண்டும்

என்னங்க, வணக்கம். முதுகுவலி குறைந்ததா? நான் நலம்தான்.

நேற்று ஆய்வகத்தில் என் மானம் போயிற்று. மூலக்கூறுகள் கைகோத்து வலையானால்தான் திரவம் ஜெல்லாகும். சீக்கிரம் முடிக்கலாமென்று, மூலக்கூறின் ஒரு முனையில் மட்டும் பிடிமானம் வைத்திருந்தேன். ஜெல்லாகிவிட்டது என்று மார்தட்டி, பேராசிரியர் முன்னால் குப்பியைக் கவிழ்த்தேன். அத்தனையும் அவர் ஷூவில் கொட்டியது.

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் கை நீட்டினாத்தாம்மா சங்கிலி சேரும். ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும், பாவம்?"

இன்று இரு முனையிலும் வைத்தேன். கவிழ்த்தும் ஒரு சொட்டுகூட விழவில்லை. நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல, உங்களிடம் காட்டத் திரும்பிவிட்டேன்.

உங்கள் கையைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்புங்கள். வண்டி ஓட்டக் கையுறை வாங்கத்தான். பேருந்து வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

பி.கு.: இடது கையால் வரைவதால் வலது கை கோணலாக வந்தாலும் பரவாயில்லை. இரண்டையும் வரையுங்கள்.