மேற்பார்வையாளர் இல்லாத ஆலை

மார்ச் 3

காலையில் வேலைக்குப் பதிலாக வகுப்பு. ஆலைக்கு வந்திருக்கும் ஆலோசகர் பலகையில் படம் போட்டார். நூறு வருடத்துக்கு முன் நிறுவனத்தை இயந்திரம் என்றார்களாம். தொழிலாளி அதில் ஒரு பல்சக்கரம். பிறகு, இல்லை, அது குடும்பம், மனசும் முக்கியம் என்றார்கள். அப்புறம் உயிருள்ள உடம்பு. இப்போது வலை — மேல், கீழ் கிடையாது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, முதலாளி கைதட்டும் வரை. அவர் சும்மா கைதட்டுகிற ஆள் இல்லை.

மார்ச் 10

மேற்பார்வையாளர் பதவி ஒழிந்தது. நான் இனி ‘வழித்துணை’யாம். மெஷினை நிறுத்தும் அதிகாரம் குழுவுக்கு. கூடிப் பேசி, எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான். பிரஸ் மெஷினில் தகடு வளைக்கும் என் தம்பிக்கு ஒரே குஷி. “இனிமே நீ என்னை அதட்ட முடியாதுக்கா!”

மார்ச் 19

அவன் மெஷின் சரியில்லை. கால்மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் மேல் அச்சு சில சமயம் தானாக இறங்குகிறது. மெக்கானிக்கிடம் சொன்னேன். “குழு முடிவு பண்ணிச் சொல்லட்டும்க்கா. நானா வந்தா அவங்க வேலைல தலையிட்ட மாதிரி ஆயிடும்.” நானே போய் சுவிட்சை அணைத்தேன். குழு திரும்பப் போட்டது. “அக்காவுக்குப் பழைய வழக்கம் போகல” என்று சிரிப்பு வேறு.

மார்ச் 20

குழு கூடியது. ஒருத்தரைத் தவிர எல்லோரும் நிறுத்தலாம் என்றார்கள். அவர், ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்றார். நாளைக்கு மறுபடி பேசுவார்களாம். தம்பி வாயே திறக்கவில்லை. வீட்டில் கேட்டேன். “என் ஒருத்தனுக்காக எல்லாரையும் நிறுத்தச் சொல்றதா? சங்கடமா இருக்குக்கா.”

எனக்கு ஏன் இவ்வளவு பயம்?

மார்ச் 21

வலது கை. ஐயோ, வலது கை. ஆர்டரை முடிச்சிட்டு வரேன்னு மெஷின்லயே நின்னான். நாங்க பக்கத்து அறைல பேசிக்கிட்டிருந்தோம். பேசிக்கிட்டே இருந்தோம்டா தம்பி —

மார்ச் 29

விசாரணை. தனிப்பட்ட யார் மேலும் தப்பில்லை என்று எழுதிவிட்டார் ஆலோசகர். அது பொய்யும் இல்லை. நிறுத்த வேண்டிய ஆளே இல்லாத இடத்தில் யாரைப் போய்த் திட்டுவது?

மே 12

இன்று புது வகுப்பு. ‘கற்கும் நிறுவனம்’. நடந்த தவறுகளிலிருந்து பாடம் படிப்பதாம். தம்பி வந்து பேச வேண்டும் என்று முதலாளியே வீடு தேடி வந்து சொல்லியிருந்தார்.

காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அங்க நான் பேசணுமாக்கா, இல்ல கையைக் காட்டினாப் போதுமா?”