மூன்றாவது வரியில் தவறும் தாளம்

கப்பலிலிருந்து,
ஆறாம் தேதி, மதியம்.

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருப்பதாக நம் மகள் ஒற்றை வரியில் தெரிவித்தாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டதற்கு, "அம்மாகிட்டயே கேளுங்க" என்று பதில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். உன் வளர்ப்பு அல்லவா, ஒரு வார்த்தை கூடுதலாக வாங்க முடியவில்லை.

நீ என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீ திறந்துகூடப் பார்க்கவில்லை என்று போனே காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காவது நீ இதைக் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். இதைக் கொண்டு வருகிறவர் எங்கள் டிரம்ஸ்காரர். எட்டு மாதமாக என் தலைக்கு மேலே உள்ள கட்டிலில் படுத்தவர். ஒப்பந்தம் முடிந்து இன்று இறங்குகிறார். ஒன்பதாம் தேதிக்குள் உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாய் சாப்பாடு போட்டு அனுப்பு. குறட்டையில்கூடத் தாளம் தப்பாத மனிதர், ஆனால் வாய் சரியான ஓட்டை. நான் இளைத்துவிட்டேன், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றெல்லாம் உளறுவார். பாதியை நம்பு.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லியிருந்தாயே, ஆளைக் கூப்பிட்டாயா? வாளி வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். தரை வழுக்கும், பார்த்து நட. மகளின் பல்லுக்குக் கம்பி போடுவது என்ன ஆயிற்று? சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள், போன தடவை வந்தபோது கவனித்தேன். சீக்கிரம் போட்டுவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இங்கே ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சாப்பாட்டுக் கூடத்தில் பியானோ வாசிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பியானோ சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. சாப்பிடுகிறவர்களை வாசிக்கிறவன் வெறித்துப் பார்க்கக் கூடாதாம். ஆகவே எட்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வெள்ளைச் சுவரையும் அதில் மாட்டிய கடிகாரத்தையும்தான். முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேரின் கரண்டிச் சத்தம் கேட்கும். யாருக்காவது பிறந்தநாள், கல்யாணநாள் என்றால் ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவர் சீட்டு எழுதி பியானோ மேல் வைப்பார். கேக் வரும்போது நான் வாழ்த்துப் பாட்டு வாசிப்பேன், வெயிட்டர்கள் மேசையைச் சுற்றி நின்று கைதட்டுவார்கள். சீட்டு இல்லாமல் யாருக்கும் எதுவும் வாசிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை இருக்கும். பந்தி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேசை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு ஒரு பெரியவர் பூனை மாதிரி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். மறுநாள் தங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருடம் என்றார். ஐம்பது ஆனதும் கொண்டாடலாமே என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். ஐம்பதுவரை பொறுக்க அவளுக்குப் பொறுமை கிடையாது என்று சிரித்தார். தங்கள் மேசை பன்னிரண்டாம் எண் என்றும் சொன்னார்.

கேக் வேண்டாம், கைதட்டல் வேண்டாம், எல்லோரும் திரும்பிப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். மறுநாள் ஏழேகாலுக்கு இனிப்பு பரிமாறும்போது ஒரு பாட்டை மட்டும் வாசிக்க வேண்டும், அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்றார். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டுக்கு இருவருமாக வெள்ளையடித்தபோது பாடிய பாட்டாம். அதன் பெயரும் அவருக்குத் தெரியவில்லை, நானும் கேட்டதில்லை. அவர் முனக, நான் கட்டைகளில் தேட, நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. மூன்றாவது வரியில் தாளம் தவறியது. நான் திருத்தி வாசித்துக் காட்டினேன். "நீங்க வாசிக்கிறதுதான் சரி. ஆனா நாங்க தப்பாத்தான் பாடுவோம். அந்த இடத்துல அவ பிரஷ்ஷை வாளியில முக்குவா, அதுக்காக நான் நிப்பேன்" என்றார். சரி என்று அந்த ஒரு தட்டு நிறுத்தத்தையும் சேர்த்தே பழகிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் இறந்துவிட்டார்.

எனக்குத் தெரியாது. கப்பலில் ஒருவர் இறந்தால் வெளியே மூச்சுவிட மாட்டார்கள். விடுமுறையைக் கழிக்க வந்தவர்களின் மனது கெட்டுவிடுமாம். டாக்டருக்கும், அறை பெருக்குகிறவருக்கும், ஹெட் வெயிட்டருக்கும் மட்டும் தெரிந்திருக்கிறது. ஹெட் வெயிட்டர் அந்த மேசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிட்டார். சீட்டு இருந்திருந்தால் அதையும் எடுத்திருப்பார். சீட்டுதான் இல்லையே. பாட்டு என் விரலில் இருந்தது, அதை யார் எடுப்பது?

அறைக்கே சாப்பாடு அனுப்புகிறோம் என்று சொல்லியும் கேட்காமல் பெரியவரின் மனைவி கூடத்துக்கு வந்திருக்கிறார். அந்த அறையில் உட்கார முடியவில்லையாம்.

கடிகாரம் ஏழேகால் காட்டியதும் ஆரம்பித்தேன். அன்று நன்றாக அமைந்துவிட்டது, அதுவும் என் கெட்ட நேரம்தான். ஒருமுறை போதாதென்று இரண்டாவது முறையும் வாசித்தேன். பக்கத்துக் கரண்டிச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. ரசிக்கிறார்கள் என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வருடத்தில் என் வாசிப்புக்காக யாரும் சாப்பாட்டை நிறுத்தியதில்லை. அந்த மயக்கத்தில், அவர் வேண்டாம் என்று சொன்னதையே செய்துவிட்டேன். மைக்கை எடுத்துக்கொண்டு திரும்பி, பன்னிரண்டாம் மேசைத் தம்பதிக்கு நாற்பத்தொன்பதாவது கல்யாணநாள் வாழ்த்துகள் என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன்.

பன்னிரண்டாம் மேசையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. முந்தின நாள்வரை இருவராக வந்தவர் தனியாக இருப்பதைக் கவனித்துவிட்ட பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்து மேசைக்காரர்கள், விஷயம் தெரியாதவர்கள், கைதட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஹெட் வெயிட்டர் நடந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கி, என் காதில் இரண்டே வார்த்தை சொன்னார். 

அந்த அம்மா எழுந்து என்னிடம் வந்தார். அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. மூன்றாவது வரியில் நிறுத்த யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது வந்தார், எத்தனை மணிவரை இருந்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்தரையிலிருந்து ஆறு பத்துவரை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பியானோ மூடியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவராகவே சொன்னார். செவ்வாய்க்கிழமை மாலை தான் உடுத்திக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்க, பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்ததும் எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா நடந்துட்டு வந்தேன்" என்றாராம். பொய் என்று முகத்திலேயே தெரிந்ததாம். என்னிடமே மறைக்கிறீர்களா என்று கோபம். அதோடு அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போதும் பேசவில்லை, படுக்கும்போதும் பேசவில்லை. காலையில் பெரியவர் குளியலறையிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார். துண்டு கேட்கிறார், கொஞ்சம் நிற்கட்டும் என்று அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இன்னொரு தடவை கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தாராம். அவர் கூப்பிடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவர் அழவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, முன்னால் இருந்த இனிப்பைக் கடைசிவரை சாப்பிட்டார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

விதியை மீறினேன் என்று மேனேஜர் எழுதி வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது லிஃப்ட் பக்கத்தில் உள்ள சின்னப் பியானோவில் வாசிக்கிறேன். அங்கே யாரும் நிற்பதில்லை, கதவு திறக்கும், மூடும். அதுவே நல்லது என்று இருக்கிறது.

உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை என்று எழுத வந்தேன். அதுவும் பொய். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். நானே பயந்துபோய்க் கிடக்கிறேன்.

பத்தொன்பது நாளைக்கு முன்பு போனில் நீ கேட்டாய், அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்களா என்று. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "வந்து வந்து போறதுக்கு வராமலே இருந்துடுங்க. ஒவ்வொரு தடவையும் வழியனுப்பிட்டு வந்து வெறும் வீட்டைக் கூட்டிப் பெருக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு வைத்தாய். இப்போது கேட்டுக்கொள். நீ கேட்பதற்கு நான்கு நாள் முன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டேன், போட்டதையும் மறைத்தேன். அந்தப் பெரியவர் மறைத்ததிலாவது ஒரு பாட்டு இருந்தது. நான் மறைத்ததில் ஒன்றும் இல்லை.

ஊரில் வேலை கிடைக்காது என்பதெல்லாம் சாக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியார் தேடுகிறார்கள் என்று நீ விசாரித்துச் சொன்னாய். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வீட்டுக்கு வரப் பயம். போன தடவை காப்பி போட நானே அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேடினேன். மகள் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்து, "இடத்தை மாத்தி ஒரு வருஷம் ஆச்சுப்பா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், விருந்தாளியிடம் சொல்வது மாதிரி. நீங்கள் இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கிறீர்கள், எனக்கு எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இங்கே சுவரைப் பார்த்து வாசிப்பது எனக்குப் பழகிவிட்டது. அங்கே உங்கள் முகத்தைப் பார்த்து உட்காரத் தெரியவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லத் துப்பில்லாமல்தான் கப்பல் கப்பலாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் காகிதம் இன்னும் மேனேஜர் மேசையில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி நண்பகலில் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அதற்கு முன்பு திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அப்படி வாங்கினால் இனி எந்தக் கப்பலுக்கும் கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார். வாங்கிக்கொள்ளத்தான் நினைக்கிறேன். ஆனால் வாங்கிக்கொண்டு யார் வீட்டுக்கு வருவது? வராமலே இருந்துவிடுங்கள் என்று நீ சொன்ன பிறகு, வாருங்கள் என்று நீ சொல்லாமல் வரும் தைரியம் எனக்கு இல்லை. முடிவை உன் தலையில் கட்டுகிறேன் என்று நீ திட்டுவாய். திட்டு. அதுதான் எனக்கு வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். நான் இறங்கி உனக்குப் போன் செய்வேன். நல்ல வார்த்தை எதுவும் சொல்ல வேண்டாம். வாயில் வந்தபடி பேசு. எட்டு வருடத்துக்கும் சேர்த்துக் கேள். நீ பேசி முடித்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போவேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அந்தப் பெரியவர் ஒரு தடவைதான் கூப்பிட்டார். நான் அப்படி விட மாட்டேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை, நீ எடுக்கும்வரை, கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். எடு.

மகளுக்கு என் முத்தம். வழுக்கும் தரையில் இருவரும் பார்த்து நடங்கள்.

உன் கோபத்துக்கு உரிய,
கணவன்.