வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஓர் ஆள் வைத்துவிட்டேன். முதியோர் இல்லம் என்று நீ வாயெடுத்தபோது, “என் அம்மாவை நான் பார்த்துக்குவேன்” என்று குதித்தவன் நான்தான்.

வந்த அம்மாள் நல்ல மாதிரி. வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், “இந்த ரூமுக்கு எதுக்கு சார் வெளியில தாழ்ப்பாள்?” என்று கேட்டார். முன்னால் குடியிருந்தவர்கள் போட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன். சாயங்காலமே கழற்றிவிட்டேன்.

இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினேன். என் பேரையே மறந்துவிட்ட அம்மா, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், அந்த ரூமுக்குள் நுழைந்து தானே கதவைச் சாத்திக்கொண்டாள்.

“தாழ்ப்பாள் போட்டுட்டியாப்பா? பத்திரமா போயிட்டு வா.”

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும் கொஞ்ச நாளைக்கு போன் பண்ணாதே.

உன் தம்பி