மார்த்தாளுக்கு நான் கொடுக்க மறுத்த துப்பட்டி

என் தங்கச்சி மார்த்தாளே,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். விதவைகள் பட்டியலில் நீ சேராதபடி நான் தடுத்தது பொறாமையால் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். ஆலயத்தின் முன்பாயில் எனக்குச் சமமாக நீ உட்காருவதை நான் பொறுக்கவில்லையாம். அது பொய். உன்மேல் எனக்கு ஒருநாளும் பொறாமை இருந்ததில்லை. வேதத்துக்குக் கீழ்ப்படிகிறேன் என்ற நிச்சயத்தோடுதான் அதைச் செய்தேன். பொறாமையாக இருந்திருந்தால் எப்போதோ மனம் வருந்தி உன்னைத் தேடி வந்திருப்பேன். நிச்சயமாக இருந்ததால்தான் நீ சாகும்வரை வரவில்லை.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வெளியூராரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் சபையில் விதவைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஆதிச் சபைக் காலத்தில் அப்போஸ்தலன் எழுதின கடிதத்திலிருந்து எடுத்த ஒழுங்கு அது. அறுபது வயது நிரம்பியிருக்கவேண்டும், ஒரே புருஷனுக்கு மனைவியாக இருந்திருக்கவேண்டும், பிள்ளைகளை வளர்த்திருக்கவேண்டும், அந்நியரை உபசரித்து, பரிசுத்தவான்களின் கால்களைக் கழுவியிருக்கவேண்டும். பட்டியலில் இருக்கிறவர்களுக்குச் சபை அரிசி கொடுக்கும். முன்பாயில் இடம் கொடுக்கும். இறந்தால் பெட்டியின்மேல் சபையின் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக் கல்லறைவரை கொண்டுபோவார்கள். அந்தத் துப்பட்டி இருக்கும் அலமாரியின் சாவி பல வருஷமாக என்னிடம்தான் இருந்தது.

புதிதாக ஒருத்தியைச் சேர்க்கும்போது, அவளை அறிந்த ஒருவர் மூப்பர்கள் முன்னால் நின்று அவளுக்காகச் சாட்சி சொல்லவேண்டும். அறுபது வயதில், உன் புருஷன் போன அடுத்த வருஷம், நீ விண்ணப்பம் கொடுத்தாய். சாட்சிக்கு என் பெயரைச் சொன்னாய். வேறு யாரைச் சொல்வாய்?

"மார்த்தாள் ஒரே புருஷனுக்கு மனைவியா?" என்று தேவசகாய மூப்பர் கேட்டார். வெறும் வழக்கத்துக்காகக் கேட்டார்; பேனாவை மையில் தோய்த்துத் தயாராக வைத்திருந்தார். "இல்லை, இரண்டு" என்று நான் சொன்னேன்.

மடத்துப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் நான் உன் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீ சொன்ன கதை அது. உனக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பன்னிரண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் உன் ஐந்தாம் வயதில் உனக்குத் தாலி கட்டியிருக்கிறார்கள். மறு வருஷமே அம்மை கண்டு அந்தப் பையன் போய்விட்டான். ராசியில்லாதவள் என்று உன்னை உன் சித்தப்பன் கன்னியாஸ்திரிகளிடம் கொண்டுவந்து விட்டான்.

"அவன் எப்படிடி இருந்தான்?" என்று கேட்டேன்.

"மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சுக்கா. எனக்கு வச்ச வாழப்பழத்தையும் அவனே தின்னுட்டான். எம்புட்டு அழுதேன் தெரியுமா!"

நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் மதர் வந்து இருவரையும் முட்டி போட வைத்தார்கள். அந்த மூக்கொழுகியைத்தான் ஐம்பத்துமூன்று வருஷம் கழித்து நான் உன் முதல் புருஷனாக எண்ணினேன்.

உன்னை உள்ளே கூப்பிட்டு முடிவைச் சொன்னபோது நீ கோபப்பட்டிருக்கலாம். நீ சொன்னது இவ்வளவுதான்: "சரிக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." வாசலில் உன் செருப்பு எதென்று தெரியாமல் நீ தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், மூப்பர்களைப் பார்த்து, அடுத்த காரியத்துக்குப் போகலாமா என்று கேட்டேன்.

பிறகு நீ சோழவந்தானுக்கு, உன் வீட்டுக்காரரின் அக்காள் மகளிடம் போய்விட்டாய். முப்பது வருஷம் தெற்குவாசல் சந்துகளில் துலுக்க வீட்டுப் பெண்களுக்கும் செட்டியார் வீட்டுப் பெண்களுக்கும் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த வேத ஸ்திரீ நீ, கடைசியில் கொடிக்காலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கினாய் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுச் சும்மா இருந்தேன்.

ஒருநாள் அந்த அக்காள் மகளின் புருஷன் செல்லையா காலை ரயிலில் வந்தான். வேட்டியெல்லாம் சேறு. நீ காய்ச்சலில் விடியற்காலம் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டு, துப்பட்டியைக் கேட்டான்.

"பட்டியலில் பெயர் இல்லையே" என்றேன்.

"துணிதானம்மா கேக்குறேன். கூடவே வச்சுப் பொதைக்கப் போறதில்ல. பொழுதுக்குள்ள தொவச்சுக் கொண்டாந்து தந்துர்றேன்."

"ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, தம்பி."

"உசுரோட இருக்கையில அரிசி இல்லன்னீக. சரி, சாப்பாட்டுக்குக் கணக்கு வேணும். செத்தவுகளுக்குமா கணக்கு? எங்க அத்தை கடைசி வரைக்கும் அக்கா அக்கான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக. இம்புட்டுத்தானா அந்த அக்கா?" என்றான். "வாரேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். சாவி அன்றைக்கும் என் இடுப்பில்தான் இருந்தது. உன்னை எதைப் போர்த்திக் கொண்டுபோனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணியவில்லை.

இங்கே யுத்தம் இன்னும் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிக்கு வரிசை. ஆலய வளவில் பதுங்குகுழி வெட்டினார்கள். அதில் மழைத்தண்ணீர் நின்று கொசுதான் பதுங்குகிறது. பாட்டை நீ எடுத்துக்கொடுத்த இடத்தில் இப்போது யாரும் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில் தொடங்கி, மூன்றாம் அடியில் ஒன்று சேருகிறார்கள்.

மூப்பர் சங்கத்தின் பழைய நடவடிக்கைப் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது. என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று, மிச்சத்தைப் புதிய புத்தகத்தில் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதிக்கொண்டே வந்தேன். என்னைப் பட்டியலில் சேர்த்த நாளின் பக்கம் வந்தது.

மார்த்தாளே, என்னை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்றே நான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். என் நடத்தையை ஊரே அறியும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நான் வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே கேட்டிருக்கிறார்கள். "ரெபேக்காள் அம்மாள் பிள்ளைகளை வளர்த்தவளா?" எனக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சாட்சியாக உள்ளே நின்றவள் நீ. நீ சொன்ன பதிலை எழுத்தர் அப்படியே எழுதியிருக்கிறார்: "ஆம். என்னை வளர்த்தார்கள். எனக்குத் தாய் இல்லை. தலை வாரினதும், எழுத்துக் கற்பித்ததும், காய்ச்சலில் மடியில் வைத்துக்கொண்டதும் அவர்களே. அது பிள்ளை வளர்த்ததாகாதென்றால், மூப்பர்கள் எது ஆகும் என்று சொல்லட்டும்."

அதற்குக் கீழே ஒரே வரி. "ஏற்றுக்கொள்ளப்பட்டது."

நான் பேனாவை வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் எழுதவில்லை.

உன்னை நான் வளர்த்தேனா? குட்டினேன். வசனம் தப்பினால் மறுபடி சொல்லவைத்தேன். உன் பின்னலைப் பிடித்து இழுத்து நேராக உட்கார வைத்தேன். அதையெல்லாம் நீ வளர்ப்பு என்று எண்ணினாய். இதை ஏன் நீ என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? நான் உனக்கு எதிராகச் சாட்சி சொன்ன அன்றைக்காவது, "அக்கா, உங்களுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா" என்று கேட்டிருக்கலாமே?

அந்த அப்போஸ்தலக் கடிதத்தைப் பிறகு முதலிலிருந்து படித்தேன். ஒரு வசனத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடாமல், முழுவதும். ஒரு மூப்பனுக்கு விரோதமாக முறையிட இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது. உனக்கு விரோதமாக என் ஒரு வாய் போதுமாயிருந்தது. கண்காணியும், அதாவது சபை மூப்பனும், ஒரே மனைவியை உடையவனாய் இருக்கவேண்டும் என்கிறது. விதவைக்கு வைத்த அதே அளவு. உபதேசத்தை ஆரோக்கியமுள்ளது என்று சொல்கிறது அந்தக் கடிதம். அதன் நோக்கம் அன்பு என்றும் சொல்கிறது. அந்த உபதேசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் யாரைச் சுகமாக்கினேன்?

போன மாதம் மூப்பர் சங்கத்துக்குப் போனேன். உன் பெயரைப் பட்டியலில் எழுதும்படி கேட்டேன்.

"செத்தவுகள எப்படிக்கா சேக்குறது? அரிசியை யாருக்கு அளக்குறது?" என்றார் தேவசகாய மூப்பர்.

"அரிசி கேட்கவில்லை. பெயரை எழுதச் சொல்கிறேன்."

"அன்னைக்கு ரெண்டு புருஷன்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு ஒண்ணுங்கிறதும் நீங்கதான். நாளைக்கு வந்து மூணும்பீகளோ?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அஞ்சு வயசுப் பிள்ளை பெண்சாதியா, மூப்பரே? உங்கள் பேத்திக்கு என்ன வயது?"

அவர் முகம் சுருங்கியது. "பிள்ளைய இதுல இழுக்காதீக."

"சரி, உங்களையே கேட்கிறேன். முதல் சம்சாரம் கல்லறையில் இருக்கிறார்கள். இரண்டாவது சம்சாரம் வீட்டில் இருக்கிறார்கள். மூப்பனுக்கும் அதே ஒழுங்குதானே? உங்களை எப்படி எண்ணினார்கள்?"

"அது வேற, அக்கா."

"எது வேறு?"

அவர் மறுபடி கல்யாணம் செய்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். காலராக் காலத்தில் பிணம் தூக்கினவர். ஆனால் அவருக்குத் திறந்த கதவு உனக்கு ஏன் சாத்தியிருந்தது என்று கேட்டேன். சாத்தினவள் நானே என்பதையும் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். ஐந்து ஞாயிறு கடந்துவிட்டது.

இது உன்னைத் திரும்பக் கொண்டுவராது. அரிசி இல்லாமல் நீ இருந்த நாட்களுக்குள் ஒரு நாளைக்கூட என்னால் நிரப்ப முடியாது. நீ இருக்கிற இடத்தில் பட்டியல் உண்டா என்பதும் எனக்குத் தெரியவில்லை. உண்டென்றால், என் பெயருக்கு யார் சாட்சி நிற்பார்கள் என்பதை நினைக்கப் பயமாயிருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பெயர் எழுதப்படும்வரை நான் முன்பாயில் உட்காரமாட்டேன். மூன்று ஞாயிறாகக் கதவோரத்தில், வெறுந்தரையில்தான் உட்காருகிறேன். முழங்கால் நோகிறது. அலமாரிச் சாவியைச் சபையின் போதகரான ஐயரிடம் கொடுத்துவிட்டேன். மழை விட்டதும் சோழவந்தானுக்கு வருவேன். செல்லையா வாசலில் நிற்க விட்டால் நிற்பேன். விடாவிட்டால், கல்லறை எங்கே என்று தெருவில் விசாரித்துக்கொண்டு வருவேன்.

உன்னிடம் பதில் கேட்க எனக்கு உரிமை இல்லை. மூப்பர்களிடம் உண்டு. ஆகையால் அவர்களைக் கேட்கிறேன். மார்த்தாளின் பெயரைப் பட்டியலில் எழுதுங்கள். மறுத்தால், என் பெயரையும் அடித்துவிடுங்கள். அவளுடைய சாட்சி தள்ளத்தக்கதானால், அந்தச் சாட்சியால் நுழைந்த நானும் தள்ளத்தக்கவள். இரண்டில் எது என்றும், காரணம் என்ன என்றும், ஐந்து மூப்பர்களும் கையெழுத்திட்டு எனக்கு எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்
ரெபேக்காள்